மூடைக்கு எத்தனை முட்டை?

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஹெந்தளையில் 20 பேர்ச் காணி. 2022இல் சாமான் விலை ஏறிய நேரம் வீட்டுத் தேவைக்கென்று ஆறு கோழி வாங்கினேன். இப்போது 20 நிற்கிறது. நாளைக்கு 14, 15 முட்டை எடுக்கிறேன். இரண்டு மறியாடு, மூன்று கிடாய்க்குட்டி. வல்லாரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை, வாழை, ஓர் அகத்தி மரமும் இருக்கிறது. ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு முட்டையைக் கடையை விட 5 ரூபா குறைத்துக் கொடுக்கிறேன். பாதிப் பேர் "பிறகு தாறன்" என்று வாங்கிப் போகிறார்கள். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. 100 கோழியாக்கினால் லாபம் வரும் என்று நினைக்கிறேன். கணவரோ எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மணக்கிறது என்று முறைக்கிறார். என்ன செய்யலாம்?
— ஹெந்தளை வாசகி

பதில்: தங்கச்சி, விற்கவும் வேண்டாம், 100 கோழியும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கோழி எத்தனை, குட்டி எத்தனை, யார் முறைக்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. தீன் மூடை என்ன விலை, அது எத்தனை நாளைக்குக் காணும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஒரு முட்டைக்கு என்ன செலவு என்று தெரியாமல் கோழியைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத நட்டமும் சேர்ந்துதான் கூடும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். 115 என்று வையுங்கள். 20 கோழிக்கு 2 கிலோ 300 கிராம். 50 கிலோ மூடை 22 நாளைக்குக் கிட்ட வரும். நாளைக்கு 15 முட்டை என்றால் அந்த மூடைக்கு ஏறக்குறைய 325 முட்டை. மூடை விலையை 325ஆல் பிரித்துப் பாருங்கள். அது தீன் காசு மட்டும்தான். முட்டைக்கோழி வளர்ப்பில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போய்விடும். ஆகவே வந்த தொகையோடு அதில் பாதியைக் கூட்டினால் உண்மையான செலவுக்குக் கிட்ட வந்துவிடுவீர்கள். தடுப்பூசி, மரத்தூள், செத்துப்போகிற கோழி, அடுத்த முறை வாங்கப்போகும் குஞ்சு எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். இனி, கோழிக்கு வயது ஏறி நாளைக்கு 12 முட்டைதான் என்று வையுங்கள். தின்னுவது குறையாது. அதே மூடைக்கு 260 முட்டைதான் வரும்.

இதை எழுதி வைக்க ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். என் மாமியார் தெஹிவளையில் கோழி வளர்த்தபோது கணக்கெல்லாம் குசினிச் சுவரில்தான். ஆளுக்கொரு வரிசை, முட்டைக்கொரு கரிக்கோடு. ஒரு வருஷம் தீபாவளிக்கு மாமனார் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார். ஒழுங்கைக் கடன் முழுக்க அன்றோடு போயிற்று. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாமி சிரிப்பார், மாமா சிரிக்க மாட்டார்.

கடன் பிரச்சினைக்குச் சண்டை போடத் தேவையில்லை. முட்டைத் தட்டில் 30 பிடிக்கும் அல்லவா? ஒரு மட்டையில் 30 கட்டம் போட்டு, 30 முட்டைக்கும் முன்காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள். எடுக்க எடுக்கக் கட்டத்தை வெட்டிவிடலாம். "தீன் கடையில் எனக்குக் கடன் தாறதில்லை அக்கா, அதனால் இப்படிச் செய்கிறேன்" என்று சொன்னால் யாரும் மனம் நோக மாட்டார்கள். நின்றுபோகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு இவ்வளவு நாளும் சும்மா கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது அந்த 5 ரூபா. அதை ஏன் குறைக்கிறீர்கள்? கடை முட்டை எத்தனை நாள் பழையது என்று கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் முட்டை இன்று காலையில் எடுத்தது. பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் திகதியை எழுதுங்கள். வேறு விளம்பரம் வேண்டாம். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுப் போய் முட்டை சீக்கிரம் கெட்டுவிடும். விலையையும் கடையைப் பார்த்து வைக்காதீர்கள். 2023 தொடக்கத்தில் வெள்ளை முட்டைக்கு 44 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டதும், அந்த விலைக்கு முட்டை தேடி நாம் அலைந்ததும், மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை வந்து இறங்கியதும் நினைவிருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் பின்னால் 20 கோழிக்காரர் ஓட முடியாது. உங்கள் செலவுக்கு மேல் ஒரு விலை வைத்து, மூன்று மாதத்துக்கு மாற்றாமல் இருங்கள்.

ஒன்றே ஒன்று: பழுப்பு ஓட்டு முட்டையை ஊர்க்கோழி முட்டை என்று விற்காதீர்கள். கொழும்பில் பலர் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்காத வேலை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான். "வீட்டில் வளர்த்த கோழி" என்று சொல்லுங்கள், அது உண்மை.

இனி யாருக்கு விற்பது. இங்கே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோழி விரதம் பிடிக்காது. சைவக்காரர் வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டார்கள். நவராத்திரி ஒன்பது நாள், கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி விரதம் பிடிக்கிற வீட்டில் 21 நாள். புரட்டாசி, ஐப்பசியில் உங்கள் தட்டுகள் நிரம்பிக்கொண்டே போகும். அதே நேரம் உங்கள் ஊரில் கத்தோலிக்க வீடுகள் நிறைய. கார்த்திகை பிறந்தால் கிறிஸ்மஸ் கேக் வேலை தொடங்கிவிடும். நம்மூர் ரிச் கேக்குக்கு மஞ்சட்கரு எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்கள் நான்கு பேரை இப்போதே பிடித்து வையுங்கள். ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு இரண்டிரண்டாகக் கொடுப்பதை விட, வாரம் இரண்டு தட்டு எடுக்கும் ஒருவர் மேல்.

கீரையை ஹெந்தளையில் விற்காதீர்கள். பக்கத்தில் பேலியகொடையில் மெனிங் சந்தை இருக்கிறது. 2020 கடைசியில் அங்கே திறந்ததிலிருந்து உங்கள் பக்கத்துக் கடைகளுக்கு மரக்கறி இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. லொறியில் வரும் கீரையோடு விலையில் போட்டி போட முடியாது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியைப் பிடித்தால் கதை வேறு. வியாழன் பின்னேரம், வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு ஒரு கட்டு: வல்லாரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை, நான்கு வாழையிலை. ஏகாதசிக்கு அடுத்த நாள் பாரணைக்கு அகத்தி தேடி அலைகிற வீடுகள் அங்கே இருக்கின்றன, அகத்தியோ உங்கள் வளவில் சும்மா நிற்கிறது. புதன் இரவு வட்ஸ்அப்பில் யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டு, கேட்ட அளவை மட்டும் வெட்டுங்கள். வெட்டாத கீரை வாடாது. கணவர் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். காசை அவரே வாங்கி வந்தால், விற்றுவிடு என்ற பேச்சும் கொஞ்சம் குறையும்.

ஆட்டை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வியாபாரி வந்து குட்டியைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவி, கண்மதிப்பில் ஒரு விலை சொல்வார். அவர் கண் பழகிய கண், உங்களுடையது இல்லை. அவர் வருவதற்கு முதல் நாளே குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நில்லுங்கள். பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் குட்டியின் நிறை. அறுத்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறைச்சி தேறும். இறைச்சிக்கடை விலையோடு பெருக்கிப் பார்த்தால் அவர் சொன்ன விலை நியாயமா என்று தெரிந்துவிடும். ஹஜ் பெருநாள் வரை வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. குர்பானுக்கு ஒரு வயது நிரம்பிய, குறையில்லாத ஆடுதான் தேடுவார்கள். அதனால் குட்டி பிறந்த திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். உயிரோடு மட்டும் விற்க வேண்டும். வீட்டில் அறுத்து இறைச்சியாக விற்பது அனுமதியில்லாத வேலை. வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். போகிற போக்கில் கோழிக்கு ராணிக்கெட் தடுப்பூசி பற்றியும் கேட்டு வாருங்கள். அந்த நோய் வந்தால் கூடு இரண்டு மூன்று நாளில் காலியாகிவிடும்.

கோழியைக் கூட்டத்தான் வேண்டும் என்றால், கொப்பியில் மூன்று மாதம் லாபம் தெரிந்த பிறகு பத்துக் குஞ்சு வாங்குங்கள். குஞ்சு முட்டையிட ஐந்து மாதம் போகும், அதுவரை தின்னும். ஆறு மாதம் கழித்து இன்னொரு பத்து. அப்போதுதான் எல்லாம் ஒன்றாகக் கிழடாகி ஒன்றாக முட்டையை நிறுத்தாது.

மணம் வருவது ஈரத்தால். கூட்டில் நான்கு விரற்கடைக்கு மரத்தூளோ உமியோ போட்டு, வாரம் இரண்டு தரம் கிளறி, கொஞ்சம் சுண்ணாம்பும் தூவுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் சிந்துகிற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய மரத்தூளை எருவோடு குவித்து, மக்கிய பிறகு பூச்சாடி வளர்ப்பவர்களுக்குப் பையில் போட்டு விற்கலாம். பச்சை எருவைக் கொடுத்துவிடாதீர்கள், செடி கருகிவிடும். தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்க்கு மூடி இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட பீ.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒரு நுளம்புக் குடம்பி போதும், மதில்காரர் கூப்பிட்டு அனுப்பினால் இன்னும் சுறுக்காக வருவார்.

சேவல் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால் இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். முட்டையிடுவதற்குக் கோழிக்குச் சேவல் தேவையில்லை. விடிய நாலு மணிக்கு மதிலின் அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு உண்மையான குறை மணமாக இருக்காது என்பது என் சந்தேகம்.