வளரும் பிள்ளைக்கு முட்டி சத்தம் போட்டால் பயப்பட வேண்டுமா?

உங்கள் 13 வயது மகளுக்கு உட்கார்ந்து எழும்போதெல்லாம் முட்டி 'டக் டக்' என்கிறது, படி இறங்கும்போது இரண்டு முறை கால் மடங்கி விழப் பார்த்தாள், டாக்டரிடம் காட்டணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தத்துக்காகப் போக வேண்டியதில்லை. கால் மடங்கியதற்காகக் கட்டாயம் போங்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் மகள் படிவம் 2 படித்தபோது ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்தாள். விரல், தோள், முட்டி என்று எங்கே பார்த்தாலும் சொடக்கு. எண்ணெய் தேய்த்துக் குளிக்காததால் மூட்டு காய்ந்துவிட்டது என்றார் மாமியார். ஒருநாள் வலைப்பந்துப் பயிற்சியில் காலை ஊன்றித் திரும்பியிருக்கிறாள். முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக நழுவி, காலை நீட்டியதும் தானே உள்ளே போயிருக்கிறது. வீட்டுக்கு வரும்போது முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது.

நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போனோம். வீங்கிய காலையே அழுத்தி உருவி விட்டார். அன்று இரவு முழுக்க பிள்ளை தூங்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம், எக்ஸ்ரே எடுத்தோம். சில்லு நழுவும்போது எலும்பும் குருத்தெலும்பும் சில சமயம் துண்டாக உடைந்து மூட்டுக்குள் விழுந்துவிடுமாம். அது தெரியாமல் பிசைந்தால் என்ன ஆகும்? நல்லவேளை, அவளுக்கு எதுவும் உடையவில்லை.

வலி இல்லாத சொடக்கு பெரும்பாலும் மூட்டு நீரில் இருக்கும் வாயு குமிழாவதால் வருவது. இல்லாவிட்டால் தசைநார் எலும்பு மேட்டைத் தாண்டும்போது வருவது. அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 50 வருடம் ஒரு கை விரல்களில் மட்டும் சொடக்கெடுத்துப் பார்த்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். ஒரே ஆளின் கைதான், ஆனாலும் எனக்கு அது தைரியம் தந்தது.

சில்லு நழுவுவதும் அதனால் கால் மடங்குவதும் வேறு விஷயம். வேகமாக வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையின் நீளமும் பலமும் சற்றுப் பின்தங்கும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூட்டு இளக்கம் அதிகம். டாக்டர் என் மகளின் கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட வைத்தார், சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார், முழங்கையும் முட்டியும் பின்பக்கம் வளைகிறதா என்று பார்த்தார், முட்டியை மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். இளக்கத்துக்கு மொத்தம் 9 மதிப்பெண். அவளுக்கு 7. சின்னதில் அவள் உடம்பை வளைத்துக் காட்டும்போது எல்லோரும் கைதட்டியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. கொஞ்ச நாள் முட்டிக்குப் பட்டை, அப்புறம் பிசியோ. நீட்டிய காலைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்காருவது, ஒற்றைக் காலில் நிற்பது. தொடையும் இடுப்பும் பலமானால் சில்லு தடம் மாறுவது குறையும். ஈப்போவுக்குப் போய் வர அலுப்பாகத்தான் இருந்தது. வீட்டில் டிவி முன்னால் நானும் கூடவே செய்தேன், அதனால்தான் அவள் விடாமல் செய்தாள். இப்போது படிவம் 4, மறுபடியும் விளையாடுகிறாள். சொடக்கு இன்னும் இருக்கிறது.

வீக்கம், முட்டி பாதியில் பூட்டிக்கொள்வது, இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நொண்டி நடந்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வளரும் வயதில் இடுப்பு மூட்டின் எலும்பு முனை நழுவினாலும் வலி முட்டியில் தெரியும். எடை கூடிய பிள்ளைகளுக்கு இது அதிகம். அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும்.

கிளினிக்கில் நமக்கு 1 ரிங்கிட்தான். எந்தப் பக்கம் நழுவியது, என்ன செய்யும்போது என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். பிசியோவுக்குக் கடிதம் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.