மாலை நான்கு மணிக்குத்தானே எடுத்தார்கள்?

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ். வயது 29. பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் ஐந்து பேர் தோழிகள். இப்போது பிறந்தநாள், பெசன்ட் நகர் பீச் என்று எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். வியாசர்பாடித் தோழியின் அப்பா வென்டிலேட்டரில் இருந்தபோது தினமும் அவளுக்கு எல்லாம் விளக்கினேன். அவர் இறந்த அன்று காலை எட்டு மணிக்குத்தான் நைட் டூட்டி முடித்தேன். மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். போக முடியவில்லை, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். எங்களுக்குச் சாவு தினமும் பார்ப்பதுதானே. இப்போது அவளும் சரியாகப் பேசுவதில்லை. நர்ஸ் என்றால் தோழிகளே இருக்கக் கூடாதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நர்ஸ்களிடமிருந்து இப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. பல இடங்களில் ஒருவரே இரண்டு, மூன்று பேரைப் பார்க்கிறீர்கள். ராத்திரி முழுக்க அப்படி நின்றவர் பீச்சுக்கு வரவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது. பதினொரு மணி ரிப்போர்ட்டுகளுக்கு, 'நாளைக்கு டாக்டரிடம் காட்டு' என்று சொல்லிவிடுங்கள். போதும்.

ஆனால் 'மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எட்டுக்கு டூட்டி முடிந்தது. பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். தூங்காமலே போயிருந்தாலும் தப்பில்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மொய்யை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். சாவுக்கு வராதவரை நம் ஊரில் மறக்க மாட்டார்கள். அதில் நான் அவர்கள் பக்கம்தான்.

'சாவு தினமும் பார்ப்பதுதானே' என்பதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் தினமும் பார்ப்பது யார் யார் வீட்டுச் சாவோ. பள்ளிக்கூடம் விட்டு எத்தனை நாள் இந்த வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள், இதுவும் அப்படியா?

தோழிகள் உங்களை வெறும் நர்ஸாகப் பார்க்கிறார்கள் என்பதுதானே வருத்தம்? வென்டிலேட்டரைப் பற்றி அவளுக்கு விளக்கியது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் மிஷினை நிறுத்தியதும் நீங்களும் டூட்டி முடிந்த மாதிரி நகர்ந்துவிட்டீர்கள். அவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது அதற்கப்புறம்தான்.

அடுத்த வீக் ஆஃப் அன்று அந்த வீட்டுக்குப் போங்கள். போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் அவள் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். டூட்டி, ரோஸ்டர் என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'அன்றைக்கு வராதது என் தப்பு' என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் அவருக்கு வலி தெரிந்திருக்குமா என்று அந்த அம்மா கேட்கக்கூடும். அவசரப்படாமல், உங்களுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுங்கள். கிளம்பும்போது வருஷ திதி என்றைக்கு வருகிறது என்று கேட்டு, அந்தத் தேதிக்கு டூட்டி போட வேண்டாம் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.