‘13க்யூ14’ நீங்கியுள்ளது என்கிறது அறிக்கை: மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவையா?

கேள்வி: 66 வயதாகும் என் அப்பாவுக்கு சி.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். குரோமோசோம் கோளாறுகளைக் காட்டும் ஃபிஷ் பரிசோதனையில் ‘13க்யூ14 பகுதி (13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி) நீங்கியுள்ளது’ என்று வந்திருக்கிறது, வேறு கோளாறு எதுவும் இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறார் டாக்டர். அந்தப் பகுதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதாகப் படித்தேன். அவற்றை அளக்கத் தனியாக ரத்தப் பரிசோதனை செய்யலாமா? இது எனக்கும் வருமா?

பதில்: அந்தப் பரிசோதனை வேண்டாம். நீங்கள் தேடும் தகவல் கையிலுள்ள அறிக்கையிலேயே இருக்கிறது.

புரதம் தயாரிக்க, மரபணுவிலிருந்து செல் ஒரு நகல் எடுக்கும். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்த நகலில் போய் ஒட்டிக்கொண்டு உற்பத்தியைக் குறைக்கும். எலும்பு மஜ்ஜையில் ஒரே வகை ஸ்டெம் செல்லிலிருந்துதான் எல்லா ரத்த அணுக்களும் வருகின்றன. எந்த அணு ஆவது என்பதற்கேற்ப எந்தப் புரதம் எப்போது அடங்க வேண்டும் என்பதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிவப்பணு முதிர்வதில் மிர்-451 (‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்), நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவில் மிர்-223 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்.

உங்கள் அப்பாவின் லிம்போசைட்டுகளில் (இந்நோய் தாக்கும் வெள்ளையணு வகை) காணாமல்போன பகுதியில் இருப்பவை மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு. 2002இல் புற்றுநோய் ஆய்வாளர் கார்லோ குரோச்சேயின் குழு இதைக் கண்டுபிடித்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதலில் தெரியவந்ததே இந்த நோயில்தான். இவை பி.சி.எல்-2 என்ற புரதத்தை அடக்கிவைப்பவை. அந்தப் புரதமோ செல்லைச் சாகவிடாது. அடக்க ஆளில்லாததால் அது கூடிவிட, ஆயுள் முடிய வேண்டிய லிம்போசைட்டுகள் சாகாமல் தேங்குகின்றன.

பயமுறுத்துவதுபோல இருக்கிறது, இல்லையா? ஆனால் சி.எல்.எல். நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்த நீக்கம் உண்டு. இது மட்டுமே இருந்தால் நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். டாக்டர் காத்திருப்பது அலட்சியத்தால் அல்ல.

ரத்தத்தில் அளப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மிர்-16, மிர்-451 இரண்டும் சிவப்பணுக்களில் ஏராளம். ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் எண்ணிக்கை எகிறிவிடும். அதை வைத்து எந்த டாக்டரும் சிகிச்சையை மாற்ற மாட்டார். அதைவிட ஐ.ஜி.எச்.வி., டி.பி.53 மரபணுப் பரிசோதனைகள் எப்போது தேவைப்படும் என்று கேளுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அவைதான் உதவும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கும் முயற்சிகள் நடந்தன. மிர்-34 போலச் செய்த ஒரு மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனிடோகிளாக்ஸ் வேறு வழியில் போனது: தொலைந்ததைத் தேடாமல் பி.சி.எல்-2 புரதத்தையே முடக்குகிறது. அப்பாவுக்குப் பிற்காலத்தில் சிகிச்சை தேவைப்பட்டால் இந்தப் பெயரை நீங்கள் கேட்க நேரலாம்.

அப்புறம், உங்களைப் பற்றி. இந்த நீக்கம் அப்பாவின் லிம்போசைட்டுகளில் வாழ்நாளில் ஏற்பட்டது, பிறவியில் வந்ததல்ல. நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை, ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அறிகுறி இல்லாமல் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை.

அப்பாவுக்கு இரவில் உடை நனையும் அளவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, விடாத காய்ச்சல், வேகமாகப் பெரிதாகும் நெறிக்கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.