வாசகர் கேள்வி-பதில்: ஒரே நாற்காலி இரண்டு கல்யாணத்துக்குப் போகாது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடை நடத்துகிறவர்கள் எழுதியவை. ஆர்டர் தவறிப்போகிறது, கணக்கு ஒத்து வரவில்லை, சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் மற்ற கணினிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த முறை டேட்டாபேஸ், அதாவது தகவல்களைப் பட்டியல்களாகப் பதிந்து தேடி எடுக்கும் ஏற்பாடு, அந்தச் சங்கதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறோம். அப்பா, நான், தம்பி மூன்று பேருமே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்போம், எல்லாம் ஒரு எக்செல் பைலில் இருக்கும். போன தை மாதம் ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு கல்யாணத்துக்குத் தலா 400 நாற்காலி ஒப்புக்கொண்டுவிட்டோம். எங்களிடம் மொத்தமே 600தான். ராத்திரி பத்து மணிக்கு வெளியில் இருந்து கூடுதல் விலைக்கு எடுத்துக் கொடுத்தோம். ஒருவர் எங்களுக்கென்றே டேட்டாபேஸ் செய்து தருகிறேன், 8,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். செய்யலாமா ஐயா?
— வாசகர், செந்தூல்

பதில்: விலையை அப்புறம் பேசலாம். உங்கள் லோரி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எப்போது திரும்புகிறது என்று அவர் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் எக்செலில் விசேஷ தேதி மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை கல்யாணம் என்றால் நாற்காலி வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிடும், ஞாயிறு காலையில்தான் திரும்பி வரும். வெள்ளி மாலை ஒரு நிச்சயதார்த்தம், ஞாயிறு காலை ஒரு காதுகுத்து என்றால் தேதி மூன்றும் வேறுவேறுதான், ஆனால் மூன்றுக்கும் அதே நாற்காலிதான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் வெளியே போகும் நேரம், திரும்பும் நேரம் என்று இரண்டு தேவை. விசேஷ தேதி வாடிக்கையாளருக்காக இருக்கட்டும்.

இரண்டு ஆர்டர் மோதுகிறதா என்று பார்ப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். புது ஆர்டர் தொடங்கும் நாளோ முடியும் நாளோ பழைய ஆர்டருக்குள் விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு 1ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை 400 நாற்காலி கேட்கிறார்கள், ஏற்கெனவே 4, 5 தேதிகளில் ஒரு கல்யாணம் இருக்கிறது. 1ஆம் தேதியும் 10ஆம் தேதியும் அந்தக் கல்யாணத்துக்குள் விழவில்லை, ஆனால் மோதல் நிச்சயம். சரியான விதி இது: ஒன்று கிளம்புவது மற்றது திரும்புவதற்கு முன்னாலும், ஒன்று திரும்புவது மற்றது கிளம்பியதற்குப் பின்னாலும் இருந்தால் இரண்டும் மோதுகின்றன. அதோடு எண்ணிக்கையை நாள் நாளாகக் கூட்ட வேண்டும். அதே பத்து நாளில் 2ஆம் தேதி ஒரு 200, 7ஆம் தேதி இன்னொரு 200 போகிறது என்றால், நாள் நாளாகப் பார்க்காமல் அவற்றைச் சேர்த்து 400 என்று கழித்துவிட்டு, கையில் நாற்காலி இருக்கும்போதே இல்லை என்று சொல்லி ஒரு நல்ல ஆர்டரை விட்டுவிடுவீர்கள்.

இன்னொன்று, "400 நாற்காலி, 40 மேசை, 4 கூடாரம்" என்று ஒரே கட்டத்தில் எழுதுகிறீர்கள் அல்லவா, அதை எந்தக் கணினியாலும் சுலபமாகக் கூட்ட முடியாது. வாடிக்கையாளருக்கு ஒரு பட்டியல், பொருளுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, அந்த ஆர்டரில் என்னென்ன எத்தனை என்பதற்குத் தனியாக ஒன்று, திரும்பி வந்ததற்கு ஒன்று. ஐந்து பட்டியல், அவற்றை இணைக்க ஆர்டர் எண், வாடிக்கையாளர் எண், பொருள் எண். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தொடங்கிய வழி இது, இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான வியாபாரங்கள் இப்படித்தான் தரவு வைத்திருக்கின்றன. ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒரு நாள் இரண்டும் வேறு வேறு சொல்லும். அதனால் "மீதி 200" என்று எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். நீங்கள் எழுதி முடித்த அடுத்த நிமிடம் அப்பா போனில் ஓர் ஆர்டர் எடுத்திருப்பார், அந்த 200 பொய்யாகிவிடும். மீதி என்பது கேட்கும்போது கணக்குப் போட்டு வர வேண்டியது.

அப்பாவும் தம்பியும் ஒரே நிமிடத்தில் ஆளுக்கு 400 பதிவு செய்தால்? ஒழுங்காகச் செய்த டேட்டாபேஸ் ஒருவர் பதிவு முடியும் வரை மற்றவரை நிறுத்தி வைத்து, பிறகு நாற்காலி போதாது என்று சொல்லிவிடும். ஆனால் மூன்று பேரும் அதில் பதிந்தால்தான். வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்டர் எண் வராமல் யாரும் வாடிக்கையாளரிடம் "ஓகே" சொல்லக் கூடாது. அந்த எண்ணையே வாட்ஸ்அப்பில் பதிலாக அனுப்புங்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன். முதலில் ஐந்து நோட்டு வாங்கி இரண்டு வாரம் கையால் எழுதிப் பாருங்கள். 400 போனது, 393 வந்தது, இரண்டு உடைந்தது, ஐந்து எங்கே என்று தெரியவில்லை, இதெல்லாம் அந்த நோட்டில் வரும். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, ஆர்டரும் திரும்பி வருவதும் மட்டும் முதலில் செய்யச் சொல்லி, அதற்கு மட்டும் விலை கேளுங்கள். சம்பளம், வரவு செலவு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்த்த வேலைகள் பாதியில் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருட அளவு நோட்டு அலமாரி நிறைய இருக்கிறது. மகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றலாம் என்கிறாள். வாடிக்கையாளரைத் தேட அடையாள அட்டை எண்ணைப் போடலாமா, போன் நம்பரைப் போடலாமா?
— வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். கடைக்கென்று ஒரு எண் கொடுங்கள், 1, 2, 3 என்று. ஒரு தாய் இரண்டு மகள்களோடு வருவார், போன் ஒன்று, அளவு மூன்று பேருக்கு. அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதியே இருக்கிறது, ரவிக்கை தைக்க அதைக் கேட்பது முறையில்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வேலைக்குத் தேவையானதற்கு மேல் தகவல் வாங்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

பெயரை நம்பியும் தேட முடியாது. நம் ஊரில் லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி மூவரும் வேறு வேறு ஆட்களாகவும் இருக்கலாம், ஒரே ஆளை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியதாகவும் இருக்கலாம். நடுவில் ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டவர், போடாதவர் என்று அது வேறு. போன் நம்பரைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணாகப் பதியாமல் எழுத்தாகப் பதியச் சொல்லுங்கள். எக்செலில் 012 என்று தொடங்கும் நம்பரை அப்படியே தட்டினால் அதை வெறும் எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும், பிறகு தேடினால் கிடைக்காது.

அளவு விஷயத்தில் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். புது அளவு எடுத்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் தேதியோடு தனி வரி: தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முன் கழுத்து இறக்கம், பின் கழுத்து இறக்கம். "குழந்தை பிறப்பதற்கு முன்னால் தைத்தீர்களே, அந்த அளவுக்கே தையுங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் உங்களுக்குத் தெரியாதா என்ன! அப்படி வரும்போது இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இருபது வருட நோட்டையும் தட்டச்சு செய்ய மகளை உட்கார வைக்காதீர்கள். இன்றிலிருந்து கடைக்குள் வருகிறவர்களை மட்டும் ஏற்றுங்கள், பழைய பக்கத்தை அவர் வரும்போது தேடி எடுத்தால் போதும். நோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி: மொத்த மளிகை வியாபாரம். எக்செலே போதாதா? எதற்கு டேட்டாபேஸ்?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒருவர் மட்டும் எழுதுகிறார், பட்டியல் ஒன்றுதான் என்றால் எக்செல் போதும், மாற்ற வேண்டாம். கொள்ளளவுக்குப் பயப்படவும் வேண்டாம், இன்றைய எக்செலில் ஒரு தாளில் 10,48,576 வரி பிடிக்கும். பழைய வகைக் கோப்பில் 65,536தான். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளை அந்தப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியதால் 16,000-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள், யாருக்கும் உடனே தெரியவில்லை.

மளிகைக் கடையில் கை பல ஆகும்போதுதான் தொல்லை. இரண்டாவது ஆள் எழுதத் தொடங்கிய அன்றே யோசிக்க ஆரம்பித்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 1992-இல் வந்தது, கடைக்குள் ஒரே இணைப்பில் இருக்கும் நாலைந்து கணினிகளுக்கு இன்றும் உதவும், கோப்பு 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. ஆனால் அந்தக் கோப்பை கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் வைத்துப் பலர் திறக்கவே கூடாது, கெட்டுப்போகும். கடையிலும் கிடங்கிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றால் சர்வரில், அதாவது எல்லோரும் இணைந்து எழுதும் பொதுக் கணினியில், ஓடும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்களைக் கேளுங்கள், இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு.

கேள்வி: எங்கள் கடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. கடவுச்சொல் அவரிடம்தான். என்ன செய்வது?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இது எனக்கும் நடந்தது சகோதரி. அண்ணன் கடைக்கு மாத வாடகைக்கு எடுத்த மென்பொருள், நடத்தியவர்கள் ஒரு நாள் சொல்லாமல் மூடிவிட்டார்கள். மூன்று வருடக் கடன் கணக்கில் எங்களிடம் மிஞ்சியது அச்சடித்து வைத்திருந்த சில தாள்கள்தான். அண்ணன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய் "எவ்வளவு தர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டதை நான் மறக்கவில்லை.

உங்கள் மென்பொருள் இன்னும் திறக்கிறது என்றால் இன்றைக்கே எல்லா அறிக்கைகளையும் சிஎஸ்வி (எக்செலிலும் திறக்கும் எளிய பட்டியல்) கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள், அந்த வசதி இல்லையென்றால் அச்சடியுங்கள். வருமான வரிக்கு ஏழு வருட ஆவணம் வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை. பிறகு வேறொரு நல்ல ஆளைக் கூப்பிட்டு, டேட்டாபேஸ் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறதா, வெளி சர்வரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணினியிலேயே இருந்தால் பல நேரம் மீட்டுவிடலாம்.

அடுத்த முறை யாரிடம் கொடுத்தாலும் தரவு கடைக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள், நிர்வாகி கடவுச்சொல்லை உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். நகல் எடுக்கிறோம் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை எடுத்த நகலைச் சனிக்கிழமை வேறொரு லேப்டாப்பில் போட்டுத் திறந்து, கடையடைக்கும் நேரத்தில் கடைசியாக வந்தவரின் பில் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.