கவிமணி படித்த பள்ளிக்கூடம்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, ஆங்கில வழி. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் தமிழில் கவிதையாக எழுதி வைத்திருக்கிறான். கவிமணி காலத்தில் பள்ளிக்கூடமே தமிழாக இருந்தது, கவிஞர்கள் வந்தார்கள். இன்றைக்கு இது வீண் வேலை அல்லவா? நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.
- வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: முதலில் அந்த நோட்டைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கவிமணி படித்த பள்ளிக்கூடம் நீங்கள் நினைப்பது போன்றது இல்லை. தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் தேரூரில் பிறந்தார். அப்போது நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மலையாளம். ஒன்பது வயதில் அப்பாவையும் இழந்துவிட்டார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1954இலேயே காலமாகிவிட்டார்.

சரி, அவருக்குத் தமிழ் எங்கே கிடைத்தது? தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரான் அந்தப் பையனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பள்ளிப் பாடத்தில் இல்லாத தமிழைப் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் கொடுத்தார். எனக்குக் கவிமணி வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இதுதான். மதிப்பெண்ணுக்கு உதவாத படிப்பு என்று அன்றைக்கு யாராவது அதை நிறுத்தியிருந்தால், 'மலரும் மாலையும்' நமக்குக் கிடைத்திருக்குமா? நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களின் சொத்துச் சண்டையைப் பாட்டாக்கிய 'மருமக்கள்வழி மான்மியம்'தான் வந்திருக்குமா?

அப்புறம் அவரே வாத்தியாரானார். கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார். பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியதால்தான் அவருடைய குழந்தைப் பாடல்கள் இன்றும் வாயில் நிற்கின்றன.

உங்கள் மகன் நிலைமை அவரைவிட நல்லது. ஆங்கில வழி என்றாலும் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது, அதற்கு ஓர் ஆசிரியரும் இருக்கிறார். கவிதைகளை அவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஓசை தட்டுகிற இடத்தை அவர் சொல்லித் திருத்தட்டும். கணக்கில் பின்தங்கினால் கணக்குக்குத் தனியாக உட்காரவையுங்கள். அதற்காகக் கவிதையைப் பறிக்க வேண்டாம். நீங்களும் வாரம் ஒரு தடவையாவது அவன் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விடுமுறை நாளில் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள்.