வாசகர் கேள்வி – பதில்: ஹெட்போன் அடாப்டரில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் புதிய கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை. பழைய போனுக்காகக் கடைத்தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கிய யூஎஸ்பி-சி அடாப்டரைச் செருகினால் ஒலியே வரவில்லை. பழைய போனில் அதே அடாப்டர் நன்றாகப் பாடுகிறது. அடாப்டர் பழுதா, போன் பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே பழுதாக இருக்காது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இந்த அடாப்டர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வெறும் கம்பி இணைப்புகள் மட்டுமே இருக்கும். எண் வடிவிலுள்ள இசையை மின் அலையாக மாற்றும் வேலையைப் போனே செய்து, யூஎஸ்பி துளை வழியாக அனுப்ப வேண்டும். உங்கள் பழைய போன் அதைச் செய்கிறது, புதியது செய்வதில்லை என்றே தோன்றுகிறது. இரண்டாம் வகையின் உள்ளே அந்த மாற்றத்தைச் செய்யும் 'டாக்' எனப்படும் சில்லும், ஹெட்போனை இயக்கும் சிறு பெருக்கியும் இருக்கும்.

எந்த வகை என்று அறிய எளிய வழி, யூஎஸ்பி-சி துளை உள்ள மடிக்கணினியில் செருகிப் பார்ப்பது. புதிய ஒலிக்கருவியாகக் கணினி அதை அடையாளம் கண்டால் உள்ளே சில்லு இருக்கிறது. எதுவுமே நிகழாவிட்டால் அது வெறும் கம்பிதான். அடுத்த முறை வாங்கும்போது 'டாக் உள்ளதுதானா' என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆப்பிள் நிறுவனத்தின் ஒன்பது டாலர் அடாப்டர் அளவீட்டில் 99 டெசிபல் பெற்றதாகப் படித்தேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள்? பல ஆயிரம் ரூபாய்க் கருவிகளோடு அதை ஒப்பிடுவது நியாயமா?
– பொறியியல் மாணவி, ஈரோடு

பதில்: நல்ல கேள்வி, சற்று விரிவாகவே சொல்கிறேன். 2016-இல் ஐபோன் 7-இலிருந்து ஹெட்போன் துளையை நீக்கிய ஆப்பிள், அதற்கென 'லைட்னிங்' எனப்படும் தன் சொந்தத் துளையில் செருகும் அடாப்டர் ஒன்றை வெளியிட்டது. 2018-இல் யூஎஸ்பி-சி துளையுடன் ஐபேட் ப்ரோ வந்தபோது, நீங்கள் குறிப்பிடும் அடாப்டரும் தனியே விற்பனைக்கு வந்தது. இத்தகைய கருவியை அளப்பவர்கள் 1,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள தூய தொனி ஒன்றை அதன் வழியே செலுத்தி, வெளியே வரும் அலையை நுட்பமான பகுப்பாய்வுக் கருவியில் ஆராய்வார்கள். செலுத்திய தொனியைத் தவிர வெளியே வருவதெல்லாம் கருவி தானாகச் சேர்த்த இரைச்சலும் திரிபும்தான். தொனி அவற்றைவிட எத்தனை டெசிபல் உயர்ந்து நிற்கிறது என்பதே நீங்கள் படித்த எண்.

99 டெசிபல் என்றால், ஒரு வோல்ட் இசையோடு ஏறத்தாழ 11 மைக்ரோவோல்ட் அளவே அழுக்கு கலந்திருக்கிறது, அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும் அளவு, என்று பொருள். குறுந்தகட்டின் 16 பிட் பதிவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத்தான் தாங்கும். ஹெட்போன்களின் ஒலி எழுப்பும் தகடுகளோ தாழ்ந்த சுருதிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் நூற்றில் ஒரு பங்கு வரையிலும் தாமே திரிபைச் சேர்க்கின்றன. ஆகவே இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி அடாப்டர் அன்று; கையில் அளவான பணம் இருந்தால் அதை நல்ல ஹெட்போனில் போடுவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

எனினும், இந்த ஒற்றை எண்ணை வைத்துத் தரவரிசை போடுவதை நான் ஏற்பதில்லை. அது பெரும்பாலும் முழு ஒலியளவில், ஹெட்போன் எதையும் இணைக்காத நிலையில் எடுக்கப்படுவது; நாமோ அந்த ஒரு வோல்ட்டில் மிகச் சிறு பங்கிலேயே கேட்கிறோம். 32 ஓம் ஹெட்போனை இணைத்தவுடன் சிறு பெருக்கி மின்னோட்டம் தரத் தொடங்குகிறது, திரிபும் உயரக்கூடும். ஆலாபனை தொடங்குவதற்கு முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்த அமைதியில் 'உஸ்' என்ற ஓசை கேட்குமா என்பதற்கு விடை வேண்டுமானால், ஒலியில்லா நிலையில் கருவி எத்தனை மைக்ரோவோல்ட் இரைச்சல் தருகிறது என்றே பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு 120 டெசிபல் ஒலிக்கும் கூர்மையான இயர்போனில்கூட 5 மைக்ரோவோல்ட் இரைச்சல் 14 டெசிபல்தான். இரவில் மின்விசிறி சுழலும் அறையில் அது காதுக்கு எட்டாது.

கேள்வி: அதே ஆப்பிள் அடாப்டரை என் ஆண்ட்ராய்டு போனில் செருகினால் ஒலி மிகவும் குறைவாக உள்ளது. போலியை வாங்கிவிட்டேனா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போலி என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். இந்த அடாப்டரின் உள்ளேயே ஓர் ஒலியளவுக் கட்டுப்பாடு உண்டு. ஐபேடும் மேக் கணினியும் அதை முழுமையாக உயர்த்துகின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களோ அதைத் தொடாமல் தங்கள் ஒலியளவை மட்டும் மாற்றுவதால், கிடைக்கக்கூடிய மின்னழுத்தத்தில் பாதிகூட ஹெட்போனுக்கு வந்து சேர்வதில்லை. யூஎஸ்பி ஒலிக்கருவியை நேரடியாகக் கையாளும் இசைச் செயலிகள் சில இந்தக் கட்டுப்பாட்டை உயர்த்தித் தருகின்றன. ஆனால் அந்தத் தீர்வு அச்செயலியில் கேட்கும் பாடல்களுக்கு மட்டுமே. காணொளிக்கும் அழைப்புக்கும் பயன்படாது. ஆண்ட்ராய்டு போன் மட்டுமே வைத்திருப்பவர்கள் வேறு நிறுவன அடாப்டரை வாங்குவதே மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏ2049 என்று குறிக்கப்பட்ட அடாப்டர் ஏறத்தாழ ஒரு வோல்ட் தரும். செவிப் பாதுகாப்பு விதிகள் உள்ள ஐரோப்பாவுக்கான ஏ2155 அதில் பாதியே தரும்.

கேள்வி: 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒலியைத் தெளிவாக்குமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஆக்காது. பெட்டியிலுள்ள கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலி அலை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கப்படுகிறது என்பதே; அதில் பாதி வரையிலான ஒலிகளைப் பதிய முடியும். குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸில் பாதியே மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைக் கடந்துவிடுகிறது. ஆப்பிள் அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதனால் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: என்னிடம் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனும், பல ஒலிப்பான்கள் கொண்ட ஓர் இயர்போனும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே சிறிய அடாப்டர் போதுமா?
– இசை ஆர்வலர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டின் தேவையும் வெவ்வேறு. எச்டி 600 ஒரு வோல்ட்டில் 97 டெசிபல் ஒலிக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. இது உச்ச அளவு. கச்சேரிப் பதிவுகளில் சராசரி ஒலி உச்சத்துக்கு 15 முதல் 20 டெசிபல் கீழே இருப்பது வழக்கம் என்பதால், 80 டெசிபலை ஒட்டிக் கேட்பீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பும் இந்த 80 டெசிபல்தான். மிகத் தாழ்வாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்கு மட்டும் ஒலி போதாமல் போகலாம். அப்போது இரண்டு வோல்ட் தரும் அடாப்டர் 6 டெசிபல் கூடுதலாகத் தரும்.

இயர்போனுக்கு வோல்ட் ஒரு பொருட்டன்று; அடாப்டரின் வெளியீட்டு மின்மறுப்பே (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது) முக்கியம். பல ஒலிப்பான்கள் கொண்ட இயர்போனின் மின்மறுப்பு ஒரு சுருதியில் 8 ஓம், மற்றொன்றில் 40 ஓம் என்று மாறக்கூடும். அடாப்டரின் மின்மறுப்பு 10 ஓம் என்றால் அவ்விரு சுருதிகளுக்கும் இடையே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக உண்டாகி, இயர்போனின் குணமே மாறிவிடும். அது 1 ஓம் என்றால் வேறுபாடு 0.8 டெசிபலோடு முடிந்துவிடும். ஆப்பிள் அடாப்டரின் மின்மறுப்பு இந்த ஒரு ஓம் அளவில்தான் உள்ளது. எனவே உங்கள் இயர்போனுக்கு அது தாராளமாகப் போதும். எச்டி 600-க்கு, ஏ2049-ஐ வாங்கி ஒரு மாதம் கேட்டுவிட்டு, ஒலியளவை அடிக்கடி உச்சத்தில் வைக்க நேர்ந்தால் மட்டும் இரண்டு வோல்ட் அடாப்டரைத் தேடுங்கள்.