நீல நிற டாரண்டுலா சிலந்தி உண்மையிலேயே இருக்கிறதா, படத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்களா?

இருக்கிறது. பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வீட்டில் யாரும் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைக் காட்டியது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும், "போட்டோஷாப்" என்று ஒதுக்கியது பெரியவர் யாராவதாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்றே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

டாரண்டுலா என்பது மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி வகை. அந்த நீலச் சிலந்தியின் அறிவியல் பெயர் பொசிலோதீரியா மெட்டாலிகா. ஆந்திராவின் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்குப் பெயரிட்டார். உண்மையில் அது குத்தியைச் சேர்ந்ததே இல்லை. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள நல்லமலைக் காட்டிலிருந்து வெட்டிய மரங்களோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். அதன்பின் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர் யார் கண்ணிலும் படாமல், 2001இல்தான் அந்தக் காட்டில் மறுபடி அகப்பட்டது. மொத்தமே 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதையே எடுத்துக்கொண்டாள். கம்பியில் பஞ்சு சுற்றி உடலும் கால்களும் செய்தாள். பரிசுப் பொருள் சுற்றும் மினுமினுப்பான நீலத் தாளை மயிரிழை மாதிரி கத்தரித்து, ஒவ்வொன்றாக ஒட்டினாள். முட்டிகளில் மட்டும் மஞ்சள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் ஒரு கண்ணாடி வளையலும் வைத்திருந்தாள். வளையலைத் தோய்த்துத் தூக்கினால் அதில் நிற்கும் படலத்தில் நீலமும் பச்சையும் ஓடும். தண்ணீரில் நிறமில்லை, சோப்பிலும் அந்த நிறமில்லை, படலத்தின் கனத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் நிறம் பிறக்கிறது. சிலந்தியின் நீலமும் அப்படித்தான்: சாயம் கிடையாது, மயிரின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளே படித்து, அவளே யோசித்து வைத்த வளையல் அது.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். மேசையைப் பார்த்ததும், "சிலந்திக்கு இந்த நிறமெல்லாம் கிடையாது, கம்ப்யூட்டரில் செய்த படத்தைப் பார்த்து ஏமாறாதே அம்மா" என்றார். "இல்லை சார், நம் நல்லமலைப் பக்கம்தான் இருக்கிறது" என்று அவள் ஆரம்பித்தாள். "நான் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன்" என்றார். அவள் வளையலைத் தோய்த்து நீட்டினாள். அவர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பரிசை விடுங்கள். என் அம்மாவும் ஆசிரியைதான், ஆசிரியர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. ஒரு விஷயம் தனக்குத் தெரியவில்லை என்றால், "எங்கே படித்தாய், காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

அன்று முதல் பரிசு சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலைக்கு. அதற்கு முந்தைய ஆண்டும் எரிமலைதான். கடைத்தெருவில் இப்போது இந்த மாடல்களைச் செய்தே விற்கிறார்கள்: எரிமலை, மழைநீர்ச் சேகரிப்பு, காற்றாலை என்று விலைப்பட்டியலே இருக்கிறது. பெற்றோர் முதல்நாள் மாலை வாங்கிவருகிறார்கள், பிள்ளை அட்டையில் இருப்பதை ஒப்பிக்கிறது. கையில் பசை ஒட்டிய பிள்ளைக்கும் விலைக்கு வாங்கிய பிள்ளைக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத கண்காட்சி எதற்கு? கேட்ட கேள்விக்கு இது வெளியே என்று தெரியும். ஆனாலும் எங்காவது சொல்லியாக வேண்டும்.

நிறத்துக்கு வருகிறேன். டாரண்டுலாக்களில் நீலம் ஒரு முறை தோன்றிப் பரவியதல்ல, குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. சில பட்டாம்பூச்சிகளின் நீலம் கோணம் மாறினால் மாறும், இவற்றின் நீலம் எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிதாக மாறாது. டாரண்டுலாக்களுக்குப் பார்வை மந்தம், அதனால் துணையைக் கவர இந்த நிறம் உதவாது என்றே முதலில் நினைத்தார்கள். 2020இல் வந்த இன்னோர் ஆய்வு, நிறம் உணரத் தேவையான மரபணுக்கள் இவற்றில் வேலை செய்கின்றன என்று காட்டி அந்த முடிவை அசைத்துவிட்டது. ஆக, எதற்காக நீலம் என்ற கேள்வி இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

நிறத்தைவிட எனக்கு வியப்பு இவற்றின் நடத்தை. ஏமனின் சொகோத்ரா தீவில் நீலக் கால்களோடு ஓர் இனம் உண்டு. டாரண்டுலாக்கள் பொதுவாக ஒன்றையொன்று தின்றுவிடக்கூடியவை, இதுவோ தாயும் குஞ்சுகளுமாகக் கூட்டாக வாழும். தென்னமெரிக்காவின் மிகப்பெரிய டாரண்டுலா கால் முட்களை உரசிச் சீறும், வயிற்று மயிரைக் காலால் உதறி எதிரியின் கண்ணில் வீசும். நம் பக்கத்து இனங்களிடம் அந்த மயிர் ஆயுதம் இல்லை. அவற்றுக்கு வேகமும் விஷமும்தான்.

நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரத்தில், அனுமவிலாசம் கோயிலின் பெயரையே வைத்து 2004இல் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா. பின்னர் இலங்கையின் மன்னாரிலும் கண்டறிந்தார்கள். என் மாமனாரின் தோப்பு பாம்பன் பக்கம் இருக்கிறது. கண்காட்சிக்குப் பிறகு ஓர் இரவு மகளை அங்கே அழைத்துப்போனேன். புளியமரப் பொந்தின் வாயில் டார்ச் அடித்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பட்டை. மகள்தான் "அப்பா, அந்தப் பட்டையில் கால் இருக்கிறது" என்றாள். முன்னங்கால்களை ஒட்டி நீட்டி, மரத்தோடு மரமாகப் படுத்திருந்தது. சாம்பலும் கருப்புமான கோலம். வெளிச்சம் உறுத்தியதோ என்னவோ, சட்டென்று முன்னங்கால்களைத் தூக்கியது. அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள், நடுவில் கருப்புப் பட்டை. மறைந்திருக்கும்வரை தெரியாத நிறம், மிரட்டும்போது மட்டும் தெரிகிறது. அடுத்த நொடி பொந்துக்குள் போய்விட்டது, போனதை நாங்கள் பார்க்கவே இல்லை.

வளர்க்கத் தூண்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். நீலமும் ராமேஸ்வரத்து இனமும் அழிவின் விளிம்பில் உள்ளவை, 2019 முதல் இவை இரண்டும் அடங்கும் பொசிலோதீரியா பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கையில் எடுக்கவும் வேண்டாம். கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை, ஆனால் கடும் வலியும் நாள்கணக்கில் தசைப்பிடிப்பும் வரும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வாய் அகன்ற டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வந்த படத்தை மறுபடி திறந்து பாருங்கள். கால் முட்டிகளில் மஞ்சள் திட்டும், முதுகில் கிளை கிளையாகப் பிரியும் வெளிறிய கோலமும் இருந்தால் அது நல்லமலைச் சிலந்திதான். உடல் முழுக்க ஒரே சீரான நீலமாக இருந்தால் அது வேறு இனமாகவோ நிறம் ஏற்றிய படமாகவோ இருக்கலாம்.